மொய்க்கு நோட்டுப் போடுகிறோம், தொழிலுக்கு வேண்டாமா?

(பட்டிமன்றத் தலைப்பு: தொழில் நிலைக்கப் பெரிதும் துணை நிற்பது நம்பிக்கையா? ஒப்பந்தமா? ‘ஒப்பந்தமே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு)

அடுப்பில் எதையோ வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, அடுப்பை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க. நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன்! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி மிக அழகாகப் பேசினார்கள். மாட்டுச் சந்தையைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். “துண்டுக்குள்ளே கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசினோமே, அங்கே பத்திரம் இருந்ததா? கையெழுத்து இருந்ததா? நம்பிக்கை ஒன்றுதானே இருந்தது?” என்று கேட்டார்கள். நீங்களும் கை தட்டினீர்கள்.

சகோதரி, துண்டைப் பார்த்தீங்க. பக்கத்துல நின்ன தரகரைப் பார்க்கலையே! (சிரிப்பு) விலை படிஞ்சதும் அந்த இடத்துலேயே அச்சாரம் கை மாறுச்சே, அதைப் பார்க்கலையே! தரகர் யாரு? சாட்சி. அச்சாரம் எது? பேச்சு முடிந்ததற்கு அடையாளம். ஆக, மாட்டுச் சந்தையிலேயே ஒப்பந்தம் இருந்திருக்கு. காகிதம் மட்டும்தான் இல்லை. (கைதட்டல்)

“எழுதிக் கொடுன்னு கேட்டாலே சந்தேகப்படுறதா ஆயிடாதா? உறவு கெட்டுப் போகாதா?” என்று இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஐயா, நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு எல்லோரும் என்னோட ஒரு நிமிஷம் வாங்க. சாப்பாட்டுப் பந்திக்குப் போகாதீங்க, வாசலுக்கு வாங்க. ஒரு மேசை போட்டிருக்கும். ஒருத்தர் பணம் வாங்குவார், ஒருத்தர் எண்ணுவார், ஒருத்தர் நோட்டுல எழுதுவார். ஊர், பேர், தகப்பனார் பேர் எல்லாம் எழுதி, அதுக்கு நேரே ‘ரூபாய் 51’. தாய்மாமனா இருந்தாலும் எழுதுறோம், அண்ணன் தம்பியா இருந்தாலும் எழுதுறோம். யாராவது, “என்னைய சந்தேகப்பட்டா எழுதுறே?”ன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காங்களா?

நடுவர்: எழுதலேன்னாத்தான்ப்பா கோவிச்சுக்குவான்! (பலத்த சிரிப்பு)

நீங்களே தீர்ப்பைச் சொல்லிட்டீங்க, ஐயா! (கைதட்டல்) 51 ரூபாய் மொய்க்கு நோட்டுப் போடுகிற நாம, ஐந்து லட்ச ரூபாய் போட்டு ஆரம்பிக்கிற தொழிலுக்கு, “நமக்குள்ள என்ன மாப்ளே எழுத்து!” என்கிறோம். இது நியாயமா?

சரி, ஒப்பந்தம் என்றால் என்ன? அதைத் தெரிந்து கொண்டு அப்புறம் சண்டை போடுவோம். நம்ம நாட்டில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கு. இந்திய ஒப்பந்தச் சட்டம். 1872-ஆம் வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் அதுதான் நடப்பில் இருக்கு. கீரைக் கட்டு வாங்குவதிலிருந்து கப்பல் வாங்குவது வரைக்கும் அதற்குள்ளேதான் வருது.

இன்னொரு செய்தி சொன்னால் எதிரணி நண்பர்களே ஆச்சரியப்படுவீர்கள். வாயால் பேசினாலே ஒப்பந்தம்தான் என்கிறது இந்தச் சட்டம். சில காரியங்களுக்குத்தான் எழுத்தும் பதிவும் கட்டாயம். ஒருத்தர் “தர்றேன்”னு முன்வரணும், மற்றவர் “சரி”ன்னு ஏத்துக்கணும். ரெண்டு பக்கமும் ஏதோ ஒன்று கை மாறணும். பேசுகிறவர்கள் விவரம் தெரிந்த வயசுக்காரர்களாக இருக்கணும். மனசார ஒத்துக்கணும். காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கணும். இவ்வளவுதான். சமையல் குறிப்பு மாதிரி எளிமையானது. ஆனால் உப்பு ஒன்று குறைஞ்சாலும் குழம்பு செல்லாது!

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் ‘சரி’ என்று ஏத்துக்கிறது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் 1913-இல் ஒரு வழக்கு. ஒரு வீட்டுப் பிள்ளை காணாமல் போயிட்டான். வீட்டுக்காரர் தன் கணக்குப்பிள்ளையைத் தேடச் சொல்லி அனுப்பினார். அவர் போன பிறகு, “கண்டுபிடித்துத் தருகிறவர்களுக்கு 501 ரூபாய்” என்று துண்டறிக்கை போட்டார். இது தெரியாமலேயே கணக்குப்பிள்ளை பையனைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிட்டார். பிற்பாடு விஷயம் தெரிந்து பணம் கேட்டு வழக்குப் போட்டார். கிடைக்கலை. ஒருத்தர் முன்வைத்ததே தெரியாதபோது அதை ஏற்றுக்கொண்டதாக எப்படிச் சொல்வது என்று கேட்டது நீதிமன்றம். தொழில் செய்கிறவர்களுக்கு இதில் பாடம் இருக்கு. ரெண்டு பேர் மனசிலும் ஒரே விஷயம் இருந்தால்தான் ஒப்பந்தம். நீங்க ஒன்று நினைத்து, அவர் ஒன்று நினைத்து, ரெண்டு பேரும் கை குலுக்கினால் அது வெறும் கை குலுக்கல்தான்.

ரெண்டாவது, இது சட்டப்படி கட்டுப்படுத்தும் பேச்சு என்கிற எண்ணம் வேணும். ஒரு வெள்ளைக்கார அதிகாரி இலங்கையில் உத்தியோகம் பார்த்தவர். மனைவிக்கு உடம்பு சரியில்லை, இங்கிலாந்திலேயே தங்கும்படி ஆச்சு. மாசம் 30 பவுன் அனுப்புகிறேன்னு சொல்லிட்டு அவர் மட்டும் கப்பல் ஏறினார். பிறகு மனஸ்தாபம் வந்து பணம் நின்றது. அந்த அம்மா வழக்குக்குப் போனார்கள். 1919-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், கணவன் மனைவி வீட்டுக்குள் இப்படிப் பேசிக்கொள்வது ஒப்பந்தம் ஆகாது என்று சொல்லிவிட்டது.

நடுவர்: அப்போ, தீபாவளிக்குப் பட்டுச்சேலை வாங்கித் தர்றேன்னு நான் சொன்னது?

கோர்ட்டில் செல்லாது, ஐயா. வீட்டில் செல்லும். அங்கே அப்பீலும் கிடையாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

மூன்றாவது, கை மாறுகிற பொருள். சட்டத் தமிழில் ‘மறுபயன்’ என்கிறார்கள். ஒன்றுமே வாங்கிக்கொள்ளாமல், “உனக்கு ஒரு கடை வெச்சுத் தர்றேன்டா”ன்னு மாமா ஒரு பேச்சுக்குச் சொன்னால், அதை வைத்து வழக்காட முடியாது. ஆனால் மறுபயன் சமமாக இருக்கணும்னு சட்டம் கேட்கலை. 1,000 ரூபாய் பெறுகிற குதிரையை 10 ரூபாய்க்குத் தர ஒருத்தன் மனசார ஒத்துக்கிட்டால் அது செல்லும்னு அந்தச் சட்டமே ஓர் உதாரணம் கொடுக்குது. மனசார ஒத்துக்கிட்டானா என்பதுதான் கேள்வி.

அந்த மனசுக்கு வருகிறேன். “ஒப்பந்தத்துக்கு இதயம் கிடையாது, அது பலமானவன் கையில் இருக்கிற ஆயுதம்” என்று எதிரணியின் முதல் பேச்சாளர் சொன்னார். ஐயா, ஒப்பந்தச் சட்டம் முதலில் தேடுவதே இதயத்தைத்தான். நம்ம சென்னை உயர்நீதிமன்றம் 1917-இல் ஒரு வழக்கைப் பார்த்தது. ஒருத்தர் தன் மனைவியையும் மகனையும், சொத்தில் அவர்களுக்கு இருந்த உரிமையைத் தன் சகோதரருக்கு விட்டுக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று மிரட்டினார். பயந்துபோய் எழுதிக் கொடுத்தார்கள். பத்திரம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஆனாலும் நீதிபதிகளில் பெரும்பான்மையானவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இது வற்புறுத்தி வாங்கிய சம்மதம், சட்டத்தின் முன் நிற்காது என்றார்கள். (கைதட்டல்) மிரட்டி வாங்கினாலும், ஏமாற்றி வாங்கினாலும், தன் ஆதிக்கத்தில் இருக்கிறவரை அழுத்தி வாங்கினாலும், அதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கிற உரிமை பாதிக்கப்பட்டவருக்கு இருக்கு.

வயசு வராத பிள்ளை எழுதிக் கொடுத்தால்? 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில் கல்கத்தா வழக்கு ஒன்றில் சொன்னது, அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று. 20,000 ரூபாய்க்கு எழுதிய அடமானப் பத்திரம் வெறும் காகிதமாகப் போனது. பதினெட்டு வயசு ஆகாதவரிடம் கையெழுத்து வாங்கித் தொழில் பேசுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கணும்.

இன்னொரு கல்கத்தா வழக்கு, 1874. ஒரே பகுதியில் ஒரே சரக்கு விற்கிற ரெண்டு கடைக்காரர்கள். ஒருத்தர் மற்றவரிடம், “நீ இங்கே கடையை மூடிடு, உனக்கு 900 ரூபாய் தர்றேன்” என்றார். அவர் நம்பி மூடினார். பணம் வரலை. வழக்குப் போட்டார், தோற்றுப் போனார். ஏன்? ஒருத்தர் பிழைப்பைத் தடுக்கிற ஒப்பந்தம் இங்கே செல்லாது, 27-ஆம் பிரிவு. பேசியது உண்மைதான், ஆனால் பேசக் கூடாததைப் பேசினார்கள். கடையும் போச்சு, காசும் போச்சு! அதனால்தான் சொல்றேன், சட்டம் தெரியாத நம்பிக்கை, வெளிச்சம் இல்லாத வீட்டில் நடக்கிற மாதிரி. பழகின வீடுதான். ஆனாலும் ஒருநாள் காலில் இடிக்கும்.

பலமானவன் ஆயுதம்னு சொன்னாரே, அதற்கு இன்னொரு பதிலும் வைத்திருக்கிறேன். 2006-இல் குறு, சிறு, நடுத்தரத் தொில்களுக்கு ஒரு சட்டம் வந்தது. பதிவு செய்த ஒரு சின்னப் பட்டறைக்காரர் பெரிய கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கிறார். பணம் தருகிற நாளை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. “90 நாள்னு கையெழுத்துப் போட்டியே” என்று அந்தக் கம்பெனி காகிதத்தைக் காட்டினாலும் செல்லாது. ஆனால் ஒன்று, சரக்கு அனுப்பியதற்கு ரசீதும், ஆர்டர் கொடுத்ததற்கு அத்தாட்சியும் கையில் இருக்கணும். சட்டம் சின்னவர் பக்கம் நிற்கத் தயார். சின்னவர் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது வேணுமே!

“இந்தக் காலத்தில் எல்லாம் போனிலேயே முடியுதே”ன்னு கேட்பீங்க. முடியட்டும். 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பாக்சைட் கொள்முதல் வழக்கில், எல்லா நிபந்தனைகளையும் மின்னஞ்சலிலேயே பேசி ஒத்துக்கொண்ட பிறகு, முறையான பத்திரம் எழுதவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி ஒப்பந்தமே இல்லைன்னு தப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. கைப்பேசியில் ‘ஓகே’ன்னு தட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிச்சுடுங்க!

ஐயா, வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாமீன் கையெழுத்து. “சும்மா ஒரு கையெழுத்துதான் மச்சான்.” தமிழ்நாட்டில் எத்தனை குடும்பத்தை இந்த ‘சும்மா’ அழ வைத்திருக்கு! 128-ஆம் பிரிவு சொல்கிறது, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரைக் கேளுங்க, அப்புறம் என்கிட்ட வாங்கன்னு வங்கியிடம் சொல்ல முடியாது என்று 1969-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. நம்பிப் போடுங்க, வேண்டாங்கலை. எவ்வளவுக்குப் போடுகிறோம்னு படிச்சுட்டுப் போடுங்க.

நடுவர்: மணி அடிக்கப் போறேன்ப்பா.

ஒரே ஒரு கதை ஐயா, முடிச்சுடுறேன். கதை கூட இல்லை, எங்க வீட்டில் நடந்தது.

எங்க அப்பாவும் அவருடைய சிநேகிதரும் 1979-இல் சேர்ந்து ஓர் எண்ணெய் மில் போட்டாங்க. அவரை நாங்க பெரியப்பான்னுதான் கூப்பிடுவோம். சொந்தம் இல்லை, அதுக்கும் மேலே. அப்பா பணம் அதிகம் போட்டார். எங்க அம்மாவோட ரெட்டை வடச் சங்கிலி அந்த மில்லுக்குள்ளேதான் போச்சு. பெரியப்பா பணம் கொஞ்சம்தான். ஆனா விடிகாலை நாலு மணிக்கு மில்லுல விளக்குப் போடுறவர் அவர்தான். ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து பேசினாங்க. “லாபத்துல உனக்கு மூணு பங்கு, எனக்கு ரெண்டு பங்கு. நான் முழு நேரம் நிக்கிறதுக்கு மாசச் சம்பளம் தனி.” பேச்சு முடிஞ்சுது. காபி குடிச்சாங்க. எழுதலை. பெரியப்பா சம்பளமும் எடுக்கலை. “மில்லு நல்லா ஓடட்டும்டா, மொத்தமா எடுத்துக்கறேன்”னார்.

ஒன்பது வருஷம் ஒரு சண்டை கிடையாது. 1988-இல் பெரியப்பா திடீர்னு இறந்துட்டார். நெஞ்சு வலி. காலையில மில்லுக்குப் போனவர், சாயங்காலம் இல்லை.

காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு அவங்க பிள்ளைங்க வந்தாங்க. “சித்தப்பா, கணக்கை முடிச்சுடுவோம்.” அப்பா மூணுக்கு ரெண்டுன்னார். “எங்க அப்பா அப்படிச் சொல்லலையே, பாதிப் பாதின்னு தானே நினைச்சோம்.” பெரியம்மா, “அவருக்குச் சம்பளம் பாக்கி இருக்குன்னு சொல்வாரே” என்றாங்க. அப்பா, “ஆமா, இருக்கு. எவ்வளவுன்னு நாங்க கடைசியா பேசின கணக்கு எனக்குச் சரியா ஞாபகம் இல்லையே” என்றார். யாரும் பொய் சொல்லலை ஐயா. அதுதான் கொடுமை. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னாங்க. ஆளுக்கு ஓர் உண்மை.

வக்கீலிடம் போனாங்க. அவர் 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தை எடுத்து 13-ஆம் பிரிவைப் படிச்சார். பங்குதாரர்களுக்குள் வேறு ஏற்பாடு இல்லைன்னா லாபமும் நஷ்டமும் சமபாகம். தொழிலைப் பார்த்துக்கிட்டதுக்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஏற்பாடு உண்டு. ஆனா நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்பாவுக்கு மூணு பங்கு போச்சு. பெரியப்பா ஒன்பது வருஷம் விடிகாலையில எழுந்திருச்ச சம்பளம் அவர் பிள்ளைங்களுக்குப் போச்சு. ரெண்டு பேரும் திண்ணையில பேசினதுக்கு நேர்மாறா, யாருமே பேசாத ஒரு பாகப்பிரிவினை நடந்துச்சு. நாம எழுதலேன்னா சட்டம் நமக்காக எழுதிடும் ஐயா. அது நம்ம வீட்டுக் கதை தெரியாம எழுதும். (கைதட்டல்)

மில்லை வித்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பெரியப்பா மகள் கல்யாணம். எங்க வீட்டுக்குப் பத்திரிகை வரலை. அப்பா வெள்ளை வேட்டி கட்டினார். ஒரு கவரில் 501 ரூபாய் போட்டு, மேலே தன் பேரை எழுதினார். என்னைக் கூட்டிக்கிட்டு மண்டபம் வரைக்கும் போனார். எதிர்ச் சாரியில நின்னார். உள்ளே மொய் எழுதுற மேசை தெரியுது. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு, “வாடா போகலாம்”னார். அந்தக் கவர் கடைசி வரைக்கும் அவர் பெட்டியில இருந்துச்சு.

திரும்பி வரும்போது அப்பா ஒண்ணு சொன்னார். “எழுதினா அவனைச் சந்தேகப்பட்டதா ஆயிடுமேன்னு எழுதாம விட்டேன். எழுதாததாலதான்டா சந்தேகமே வந்துச்சு.”

(அரங்கில் அமைதி. பிறகு நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, நம்பிக்கை வேண்டாம்னு நான் சொல்ல வரலை. நம்பிக்கை இல்லாதவனோட நூறு பக்கம் எழுதினாலும் தொழில் ஓடாது. யாரோடு தொழில் செய்யணும்னு முடிவு பண்ண நம்பிக்கை வேணும். ஆனால் நம்பிக்கை ரெண்டு பேர் மனசுல இருக்கிற சரக்கு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா பாதிச் சரக்கு போயிடுது. அடுத்த தலைமுறைக்கு அதைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது எழுத்துதான்.

பெரிய பத்திரம் வேணும்னு சொல்லலை. யார் எவ்வளவு போட்டோம், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் உழைக்கிறோம், அதுக்கு என்ன சம்பளம், ஒருத்தர் விலகினாலோ இறந்தாலோ என்ன செய்யறது. இந்த ஐந்தையும் தமிழில் எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஆளுக்கு ஒரு பிரதி வெச்சுக்குங்க. விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, முறைப்படி கூட்டாண்மையைப் பதிவு செய்யுங்க. பதிவு செய்யாத கூட்டுக் கடை, ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேலே வழக்குக்கூடப் போட முடியாது.

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறுன்னு நம்ம பாட்டிமார் சொன்னாங்களே, அவங்க என்ன உறவை வெறுத்தவங்களா? உறவு நிலைக்கணும்னுதான் சொன்னாங்க. அன்றைக்குத் திண்ணையில காபியோட ஒரு தாளும் பேனாவும் இருந்திருந்தா, எங்க அப்பா அந்தக் கல்யாணத்துல முதல் வரிசையில உட்கார்ந்திருப்பார். அந்த மொய் நோட்டுல முதல் பேரா அவர் பேர் இருந்திருக்கும்.

தொழிலையும் காத்து, அந்தத் தொழிலுக்குப் பின்னால் இருக்கிற உறவையும் காப்பது ஒப்பந்தமே, ஒப்பந்தமே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று நடுவர் ஐயா அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)